ஏனுங்க

கதவைச் சாத்திவிட்டார்கள். முப்பத்தொன்பது நாள் அந்தக் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்கு, கடைசி நாளான இன்றைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். வட்டக் கண்ணாடிக்கு நேராக அதை இழுத்துப் போட்டு, இங்கன இருந்து பாத்துக்கிடுங்கக்கா என்று சொல்லிவிட்டு, மெஷினை ஓட்டுகிற மோசஸ் தன் மீட்டர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கட்டின புருஷனை மிருகக்காட்சி சாலையில் பார்ப்பதுபோலக் கண்ணாடி வழியாக. என்ன காரணம் என்றால் சளி. மூக்கடைப்போடு உள்ளே போனால், காற்றழுத்தம் ஏறும்போது செவிப்பறை கிழிந்துவிடுமாம். அந்தச் சளி எதனால் வந்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா? ஆக்ஸிஜன் புழங்குகிற இடம், தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீப்பிடித்துக்கொள்ளும் என்று முதல் நாளே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, இந்த மார்கழிக் குளிரில், தங்கியிருக்கும் ரூமில் சுடுதண்ணீர்கூட வராத குழாயில் தினமும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு அவரை வீல்சேரில் வைத்து இரண்டு தெரு தள்ளிக்கொண்டு வந்தவளுக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்? அவர்கள் சட்டத்துக்காகப் பிடித்த சளி. அந்தச் சளிக்காக அவளுக்கே கதவடைப்பு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? மோசஸிடம் சொன்னால், நெசந்தான்க்கா என்கிறான். நிஜம்தான் என்று ஒத்துக்கொள்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

மீட்டர் ஊசி ஏற ஆரம்பித்துவிட்டது. கம்ப்ரசர் எங்கோ சுவருக்குப் பின்னால் உறுமுகிறது. கோகிலவாணி தன்னை அறியாமல் எச்சில் விழுங்கினாள். உள்ளே இருந்தால் இந்த நேரம் காது அடைக்கும், விழுங்க வேண்டும், அவருக்கும் ஞாபகப்படுத்த வேண்டும். விழுங்குங்க, விழுங்குங்க என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினால் அவரும் குழந்தை மாதிரி விழுங்குவார். இன்றைக்கு அதை யார் காட்டுவது? நர்ஸ் மேகலை கூடப் போயிருக்கிறாள். நல்ல பெண்தான், ஆனால் அவள் தொண்டையைத் தொட்டால் இவருக்குப் புரியுமா? கண்ணாடிக்குள் எல்லாம் கொஞ்சம் வளைந்து தெரிகிறது. நீளமான இரும்பு டேங்க், இரண்டு பக்கமும் சீட்டுகள். டேங்க் என்று சொன்னால் இங்கே கோபித்துக்கொள்கிறார்கள், சேம்பர் என்று சொல்ல வேண்டும். ஒரு சீட்டில் காலில் ஆறாத புண்ணோடு வருகிற ரிட்டயர்டு தாசில்தார், எதிர்ச் சீட்டில் மேகலை, அவளுக்குப் பக்கத்தில் அவர். தலையைச் சுற்றி ஊதின பிளாஸ்டிக் கூண்டு மாட்டிவிட்டார்கள். அதற்குள்தான் ஆக்ஸிஜன் வரும். கூண்டுக்குள் அவர் முகம். இடது பக்கம் மண்டையில் எலும்பை எடுத்து மறுபடி வைத்த இடத்தில் முடி இன்னும் கோணலாக வளர்கிறது. சென்னிமலை முருகன் பேரை வைத்தார்கள் அவருக்கு. சென்னி என்றால் தலை என்று தமிழ் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பேர் வைத்த மனுசனுக்கு அங்கேயே அடி. முருகனைக்கூட ஒரு நாள் நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும்.

அவர் கம்ப்ரசர் ஃபிட்டர். ஸ்பின்னிங் மில், டயர் கடை, பெயிண்ட் பட்டறை, எங்கே கம்ப்ரசர் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சத்தத்தை வைத்தே ரிங் போயிருக்கிறதா வால்வு போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். லாரி டயருக்கு நூறு பவுண்டு காற்று அடிக்கிற ஆளை இந்த டேங்குக்குள் உட்காரவைத்துப் பதினைந்து பவுண்டு காற்றை ஏற்றி, மூளையில் தூங்குகிற செல்லை எல்லாம் எழுப்பப் போகிறோம் என்கிறார்கள். நல்லபடியாக இருந்திருந்தால் இந்நேரம் மோசஸை எழுப்பிவிட்டு மீட்டர் முன்னால் தானே உட்கார்ந்திருப்பார். இந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதாவது குற்றம் கண்டுபிடித்திருப்பார். பாழாய்ப்போன வேகத்தடை. கல்யாண மண்டபத்துக்கு முன்னால் ஒரே நாளில் போட்ட வேகத்தடை. வெள்ளைக் கோடு இல்லை, போர்டு இல்லை. காலையில் போனபோது இல்லாதது சாயங்காலம் திரும்பி வரும்போது முளைத்திருக்கிறது. போட்டவனை யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம், ஆஸ்பத்திரி வாசலில் ஆப்பிள் பையோடு நின்றுகொண்டு, ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று அவளைத்தான் கேட்டார்கள். போட்டிருந்தார். பட்டையை மாட்டவில்லை. பட்டை மாட்டவில்லையா என்று ஒரு த்சு. அந்த த்சுவைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. அவர் மாட்டாத பட்டைக்கு அவள் பதில் சொல்ல வேண்டும், பஞ்சாயத்து அடிக்காத பெயிண்டுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

இப்படிப்பட்டதை எல்லாம் முன்னே அவரிடம்தான் கொட்டுவாள். பத்தொன்பது வருஷப் பழக்கம். வாசலில் பழைய சாக்கை விரித்து வால்வுத் தட்டை உரசிக்கொண்டிருப்பார். அவள் காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பிப்பாள். ரேஷன் கடைக்காரன் மிஞ்சினது, மாமியார் சொன்ன சொல், கம்பெனியில் சூப்பர்வைசர் பார்த்த பார்வை. அவர் தலை நிமிர மாட்டார். உம் என்பார். நடுவில் ஒரு உம், முடிவில் ஒரு உம். அதிலேயே பாதிக் கோபம் ஆறிவிடும். மீதிப் பாதிக்கு, உடு புள்ள என்பார். புள்ள. அதுதான் அவளுக்குப் பேர். கோகிலவாணி என்று அவர் வாயால் ஒரு நாள் சொன்னதில்லை. ஏ புள்ள, அந்தப் பதினாலு ஸ்பேனரை எடு. புள்ள, காபித் தண்ணி. பேங்கில் மனைவி பேர் என்ன என்று கேட்டபோதுகூட ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் எழுதினார், பக்கத்தில் நின்று பார்த்தாளே. அதற்காக அவளும் சண்டை போட்டதுண்டு. ஊரில் அவனவன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், எனக்கென்ன பேரா இல்லை என்று. அதற்கும் உம். இப்போது எட்டு மாசமாகக் கொட்ட இடமில்லாமல் எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. நெஞ்சுக்குள் காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது. திறந்துவிடத்தான் வால்வு இல்லை.

இருபத்துமூன்றாவது சிட்டிங்கில் அவர் பேசினார். அதைத்தான் நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தாள், அது மறுபடி வந்து நிற்கிறது. அடிபட்டதிலிருந்து ஏழு மாசமாக ஒரு வார்த்தை இல்லாத வாய். அன்றைக்குக் கூண்டைக் கழற்றி, அவள் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, தலையைத் திருப்பி அவளைப் பார்த்து, தெளிவாக, ஏனுங்க என்றார். சொல்லுங்க, சொல்லுங்க என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். மறுபடியும் ஏனுங்க. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெளியே மோசஸ் கைதட்டினான். இது கோயமுத்தூர் மரியாதைலா, மண்டையில அடிபட்டும் மரியாதை போகலை பாருங்க என்றான், தூத்துக்குடிக்காரன் அவன். தாசில்தார், அம்மிணி, பத்தொம்பது வருஷமாக் கெடைக்காத மரியாதை இப்பத்தான் கெடைச்சிருக்குது, நல்லா அனுபவிச்சுக்க என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஒருத்திதான் சிரிக்காமல் வேட்டி முடிச்சை இறுக்கினாள். ஏனுங்க என்று யாரைக் கூப்பிடுவார்கள்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரை. வழி கேட்கும்போது எதிரே வருகிறவரை. முன்பின் தெரியாத ஆளை. புள்ள என்று கூப்பிட்ட வாய் ஏனுங்க என்று கூப்பிட்டால், எதிரில் நிற்கிறவள் யாரோ என்றுதானே அர்த்தம்? தன் வேட்டியைக் கட்டிவிடுகிற யாரோ ஒரு பொம்பளை. ஆஸ்பத்திரி ஆயாவாக இருக்கும், மரியாதையாகப் பேசிவைப்போம் என்று நினைத்திருக்கிறார். இதற்கா கைதட்டு? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாளும் ஏனுங்க. அடுத்த நாளும். அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனால் பின்னாலேயே ஏனுங்க. மற்றவர்களிடம் வாயே திறப்பதில்லை. இவளிடம் மட்டும் அந்த மரியாதை.

மோசஸ் மைக்கில், சிஸ்டர், பிரஷர் வந்தாச்சு, ஆக்ஸிஜன் ஓடுது என்றான். உள்ளே மேகலை கட்டைவிரலைக் காட்டினாள். அவர் கூண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு சீராக ஏறி இறங்குகிறது. ஐ.சி.யூ.விலும் இப்படித்தான் ஏறி இறங்கியது, அப்போது மெஷின் விட்ட மூச்சு. இருபத்தொரு நாள். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், பச்சை கவுன் போட்டு உள்ளே விடுவார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, தெரிஞ்ச குரல்ல பேரைக் கேட்டா முழிப்பு வரலாம் என்றாள் அங்கிருந்த சிஸ்டர். பேர். எந்தப் பேர்? கோகிலவாணி அந்தப் பேரை வாயால் சொன்னதே கிடையாது. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட ராசி நட்சத்திரம் சொல்லிவிட்டுப் பேரைச் சீட்டில் எழுதித்தான் கொடுப்பாள். ஊரில் எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவள் அம்மா சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் தன் புருஷனைப் பேர் சொல்லி அதட்டிக் கூப்பிட்டாள், நாலாம் நாள் அவன் கண்ணைத் திறந்துவிட்டான். இவள் காதோரம் குனிந்து, ஏனுங்க என்றாள். ஏனுங்க, ஏனுங்க, நாந்தானுங்க, கேக்குதுங்களா, ஏனுங்க. பத்து நிமிஷமும் அதே. வாசலில் நிற்கிறவன் டைம் ஆச்சு என்று சொல்லும்வரை அதே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? எண்ணவில்லை. சிஸ்டர் சலித்துக்கொண்டாள். பேரு சொல்லச் சொன்னா ஏனுங்க ஏனுங்கன்னா யாரைன்னு தெரியும் அவருக்கு? ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சென்னி வரைக்கும் வந்தாள், பேரின் மீதிப் பாதியான அப்பன் வரவில்லை. அன்றைக்கு அந்தப் பேரை முழுசாகச் சொல்லியிருந்தால் அவர் சீக்கிரம் விழித்திருப்பாரோ? இத்தனை கெட்டிருக்காதோ? இந்த ஒரு கேள்வி இருக்கிறதே, இது வேகத்தடை போட்டவனிடம் கேட்க முடியாதது. இது அவளையே கேட்பது. அதனால்தானோ என்னவோ மற்றவர்கள்மேல் இத்தனை எரிச்சல் வருகிறது.

அக்கா, பேப்பரைப் படிச்சிட்டீங்களா என்று ஷர்மிளி வந்து நின்றாள். இந்த சென்டரின் பி.ஆர்.ஓ. கையில் போன், போனைப் பிடிக்க ஒரு கம்பி. நாற்பது சிட்டிங் முடிந்த குடும்பத்தை வீடியோ எடுத்து நெட்டில் போடுவார்கள். இன்றைக்கு இவர்கள் முறை. பேப்பரில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள், படித்தால் போதும். மூன்றாவது வரியில்தான் முள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு என் கணவர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு அன்பாகப் பேச ஆரம்பித்துவிட்டார். யார் எழுதினது இது? எந்தக் கண் பார்த்து எழுதினது? டேங்க் மேல் அவளுக்குப் பகை இல்லை. பெரியாஸ்பத்திரியில் தலையைத் திறந்த டாக்டர் உள்ளதை உள்ளபடி சொன்னார். சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரியுதுங்கறாங்க, உறுதியா நான் சொல்ல மாட்டேன், இஷ்டம் இருந்தா பண்ணுங்க என்றார். அந்த நேர்மைக்காகவே அவரைக் கும்பிடலாம். கை கொஞ்சம் அசைகிறது, வாய் வந்திருக்கிறது, டேங்காலா தானாகவா, யாருக்குத் தெரியும், எதுவானாலும் நல்லது. ஆனால் அடையாளம்? போன வாரம் இங்கே டாக்டர் நிரஞ்சனா பரிசோதித்தாளே, இவள் கூடத்தானே நின்றாள். சென்னைக்காரி, சின்ன வயசு, நல்ல மாதிரிதான். இவளைக் காட்டி, இவங்க யாரு சொல்லுங்க என்றாள். அவர் இவளைப் பார்த்தார். ஏனுங்க என்றார். ஏன்னா, நான் தெரிஞ்சுக்கணும், அதான் கேக்கறேன், யாரு இவங்க என்றாள் டாக்டர். மறுபடியும் ஏனுங்க. ஏன் ஏன்னு திருப்பிக் கேக்கறாரு, கேள்வி புரியலை என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுதினாள். ஃபைலில் என்ன எழுதினாள் என்று இவள் எட்டிப் பார்த்தாள். மனைவியை அடையாளம் தெரியவில்லை. அதே சென்டர், அதே மேஜை. ஃபைலில் தெரியவில்லை, வீடியோவில் தெரிந்துவிட்டது.

அந்த ஃபைல்தான் சாயங்காலம் அவருடைய அண்ணன் கைக்குப் போகப் போகிறது. நாலு மணிக்குக் காரோடு வருகிறார். போன மாசமே முடிவு சொல்லிவிட்டார். திண்டுக்கல் பக்கம் ஒரு ஹோம் இருக்கிறது, இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்கிறார்கள், கொண்டுபோய் விட்டுவிடலாம், நீயும் பழையபடி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகலாம் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவள் சொன்னதற்கு, ரொம்ப நியாயம் பேசுகிறவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆளே தெரியாதவனுக்குப் பொண்டாட்டி பார்த்தா என்ன, ஆயா பார்த்தா என்ன என்றார். நாற்பது நாள் பொறுங்க என்று இவள் கெஞ்சி வாங்கிய தவணை இன்றோடு முடிகிறது. உன்னைத் தெரியுதுன்னு டாக்டர் சொல்லட்டும், நான் வாயே திறக்கலை என்றார். டாக்டர் சொல்ல மாட்டாள். ஆனால் வீடியோ சொல்லும். போனில் பார்த்ததை எல்லாம் நம்புகிற மனுசன் அண்ணன். மூன்றாவது வரியை நேராகப் பார்த்து ஒரு தடவை படித்துவிட்டால் போதும், புருஷன் வீட்டிலேயே இருப்பார், அவள் கையால் சாப்பிடுவார், வாசலில் சாக்கு விரித்து உட்காரவைக்கலாம். கோகிலவாணி உதட்டுக்குள் படித்துப் பார்த்தாள். என் கணவர் என்னை. என் கணவர் என்னை அடையாளம். அங்கே நாக்கு நின்றுவிடுகிறது, ஐ.சி.யூ.வில் நின்ற மாதிரியே. இன்னொரு தடவை. என் கணவர் என்னை. எதற்காக அழ வேண்டும், பொய் சொல்லத்தானே போகிறோம், சாகப் போவதில்லையே. ஊரில் அவனவன் சொல்லாத பொய்யா? வேறு எந்தப் பொய்யைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கை அசைந்தது என்று சொல், நடந்தார் என்று சொல், ஓடினார் என்றுகூடச் சொல்கிறாள். இதை மட்டும் கேட்கிறார்களே. எது அவளுக்கு இல்லையோ அதையே இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு சொல்லச் சொல்கிறார்களே. என்ன அநியாயம் இது. படிக்கத்தான் போகிறாள். படித்துவிட்டு அப்புறம் ரூமுக்குப் போய்க் குழாயடியில் நின்று வாயைக் கழுவிக்கொள்ளுவாள்.

டீகம்ப்ரஷன் போடுதேன் சிஸ்டர் என்றான் மோசஸ். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. ஊசி இறங்க ஆரம்பித்தது. உள்ளே இப்போது குளிரும், அவளுக்குத் தெரியும். காற்று சட்டென்று குளிர்ந்து புகைமாதிரி பனி கிளம்பும். முதல் நாள் அதைப் பார்த்துப் பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் தினமும் அந்த நேரத்துக்கு அவர் துண்டை எடுத்துப் போர்த்திவிடுவாள். மேகலைக்குத் துண்டு ஞாபகம் இருக்குமா? பையில் மேலேயே வைத்தாள், சொன்னாளா? சொல்லவில்லை. பொத்தானை அமுக்கிச் சொல்லலாம். வேண்டாம், அதற்கும் ஏதாவது சட்டம் வைத்திருப்பார்கள். கண்ணாடி உள்பக்கம் மங்கிக்கொண்டு வந்தது. மேகலை இரண்டு பேர் கூண்டையும் கழற்றுவது நிழலாகத் தெரிந்தது. இங்கே ஷர்மிளி கம்பியை நீட்டி, வெளிச்சம் பார்த்து, அக்கா, இந்தச் சுவருக்கு முன்னால நில்லுங்க, சார் வெளிய வந்ததும் பக்கத்துல வச்சு எடுத்துரலாம், கொஞ்சம் சிரிச்ச மாதிரி என்றாள். கோகிலவாணி எழுந்திருக்கவில்லை.

அப்போது மோசஸின் மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. கரகரவென்று, டேங்குக்குள்ளிருந்து. "ஏனுங்க."

சொல்லுங்கண்ணா, என்ன வேணும், குளிருதா என்று மேகலையின் குரல். பக்கத்துச் சீட்டுத் துணியைக் கை தடவுகிற சத்தம், சரசரவென்று. மறுபடியும் ஏனுங்க, இந்தத் தடவை கொஞ்சம் உரக்க. இங்கதாண்ணா இருக்கேன் என்றாள் மேகலை. மோசஸ் சிரித்துக்கொண்டு இவள் பக்கம் திரும்பினான். சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ இல்ல," என்றார் அவர். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு, எரிச்சலாக. "நீ இல்ல. ஏனுங்க... ஏனுங்க எங்க போச்சு?"

தாசில்தாரின் குரல், அட, யாரைக் கேக்கறாரு என்றது. கோகிலவாணி ஸ்டூலிலிருந்து எழுந்தது அவளுக்கே தெரியாது. நர்ஸுக்கு நீ. வேற்று ஆளுக்கு நீ. அப்படியானால் அது மரியாதை இல்லை. அவர் யாரையும் ஏனுங்க என்று மரியாதையாகக் கூப்பிடவில்லை. இருபத்தொரு நாள், காலையில் பத்து நிமிஷம் சாயங்காலம் பத்து நிமிஷம், இருட்டுக்குள் அவருக்குக் கேட்டது அந்த ஒரு வார்த்தை. அதைச் சொன்ன குரலுக்கு அவர் அதையே பேராக வைத்துக்கொண்டார். இவங்க யாரு என்று டாக்டர் கேட்டபோது சொன்னாரே. இரண்டு தடவை சொன்னாரே. பத்தொன்பது வருஷமாகப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று சண்டை போட்டவள், ஏழு மாசம் கழித்து அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரோ என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாளே. பதினேழு நாள். பதினேழு நாளாகக் கூப்பிட்டிருக்கிறார்.

அக்கா, செமக்கா, ஆனா ரெக்கார்ட் ஆகலை, இன்னொரு தடவை சொல்லச் சொல்றீங்களா என்று ஷர்மிளி போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாள். கோகிலவாணி அந்தப் போனைக் கையால் தாழ்த்தினாள். மூன்றாவது வரி இருந்த பேப்பரை அவள் கையிலேயே மடித்துக் கொடுத்தாள். இதெல்லாம் உங்களுக்கு இல்ல சாமி என்றாள். அண்ணன் வரட்டும். நாலு மணிக்கு வரட்டும். இந்த வாசலில் நிறுத்தி, டாக்டரையும் நிறுத்தி, அவரையே கேட்கச் சொல்லலாம், இவ யாருன்னு கேளுங்க, என்ன பதில் வருதுன்னு கேளுங்க, அது ஏன்னு கேக்கற ஏன் இல்லீங்க, அது என் பேருங்க. அப்புறம் திண்டுக்கல் பற்றிப் பேசட்டும். நடந்து மேஜைக்குப் போனாள். மோசஸ் நாற்காலியை விட்டு எழுந்து, மைக் பொத்தானைக் காட்டினான். அமுக்கினாள். கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளே ஒரு கை துடைத்து ஒரு வட்டம் விழுந்திருந்தது, அதில் கோணலாக முடி வளர்ந்த ஒரு தலை.

"இங்கதானுங்க இருக்கறேன்," என்றாள். சொல்ல எட்டு மாசம் கிடந்தது. எங்கே ஆரம்பிப்பது? மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சளீங்க. தெனமும் தலைக்கு ஊத்தச் சொன்னது இவுங்க, அதுலதான் புடிச்சுது. இப்ப அந்தச் சளிக்கே உள்ள உடமாட்டேன்னுட்டாங்க பாருங்க. என்ன நாயமுங்க இது?"

ஸ்பீக்கர் இரைந்தது. காற்று இறங்குகிற சத்தம். பிறகு உள்ளேயிருந்து, தலை நிமிராத பழைய குரலில், "உம்" என்று வந்தது.